நீதிபதி யாருடைய ஆள்?

1

'பிரதிநிதி' என்கிற சொல்லை வைத்துக்கொண்டு நாம் நிறையவே சண்டை போட்டிருக்கிறோம். ஒருவருக்காக இன்னொருவர் பேச முடியுமா, பேசலாமா, பேசினால் அது யாருடைய குரல் என்றெல்லாம் பக்கம் பக்கமாக எழுதியாயிற்று. ஒரு கட்டத்துக்கு மேல் அலுப்பு வந்து, 'எல்லாப் பிரதிநிதித்துவமும் ஒருவகை வன்முறைதான்' என்று முடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிற பழக்கமும் நமக்கு உண்டு. அந்த அலுப்புக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதைக் காட்டுகிற ஒரு வழக்கைப் பற்றி இங்கே பேச விரும்புகிறேன்.

வழக்கு அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் 1986இல் தொடங்கியது. மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கிற முறையை மாற்ற வேண்டும் என்பதுதான் கோரிக்கை. ஐந்து ஆண்டுகள் கழித்து அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முன்னால் அது வந்தபோது ஒரே ஒரு சொல்லின் பொருள் பற்றிய வழக்காக மாறியிருந்தது. அந்தச் சொல் 'பிரதிநிதிகள்'.

நீதிபதிக்குத் தேர்தலா என்று சிலர் கேட்கக்கூடும். அமெரிக்காவில் மைய அரசின் நீதிபதிகளுக்குத் தேர்தல் கிடையாது. அதிபர் நியமிக்கிறார், செனட் ஒப்புதல் தருகிறது, ஆயுள் முழுக்கப் பதவி. மாநிலங்களின் கதை வேறு. 1832இல் மிசிசிப்பி தன் நீதிபதிகள் எல்லோரையும் தேர்தல் மூலம் தேர்ந்தெடுப்பது என்று முடிவெடுத்த முதல் மாநிலம் ஆனது. 1846இல் நியூயார்க் அதே வழிக்கு வந்தது. பிறகு அது ஓர் அலையாகவே பரவியது. ஆளுநர்களும் சட்டமன்றத்துப் பெரிய மனிதர்களும் தங்களுக்கு வேண்டியவர்களுக்கு நீதிபதிப் பதவியைத் தானமாகக் கொடுத்துக்கொண்டிருந்ததை முறிக்க வேண்டும் என்பது அந்த அலையின் நியாயம். நல்ல நியாயம்தான். ஆனால் 1832இன் மிசிசிப்பியில் 'மக்கள்' என்றால் வெள்ளை ஆண்கள். பருத்திக் காட்டில் அடிமைகளாக இருந்தவர்கள் அந்தச் சொல்லுக்குள் வரவில்லை. நீதிபதியை மக்கள் தேர்ந்தெடுக்கலாம் என்பதில் தொடக்கம் முதலே யாருக்கும் பெரிய தத்துவச் சங்கடம் இருந்ததாகத் தெரியவில்லை. சங்கடம் எப்போது வந்தது என்பதுதான் நம் கேள்வி.

2

லூசியானாவில் மாவட்டத்துக்கு 'பாரிஷ்' என்று பெயர். பிரெஞ்சு, ஸ்பானிய கத்தோலிக்க ஆட்சிகளின் மிச்சம். மாநில உச்ச நீதிமன்றத்தில் ஏழு நீதிபதிகள். பதவிக்காலம் பத்து ஆண்டுகள். 1980களில் இந்த ஏழு இடங்களுக்கு ஆறு தொகுதிகள்தாம் இருந்தன. ஐந்து தொகுதிகள் தலைக்கு ஒரு நீதிபதியைத் தேர்ந்தெடுத்தன. முதல் தொகுதி மட்டும் இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்தது. அதற்குள் நான்கு பாரிஷ்கள்: நியூ ஆர்லியன்ஸ் நகரம் அடங்கிய ஆர்லியன்ஸ், அதைச் சுற்றியுள்ள ஜெஃபர்சன், செயின்ட் பெர்னார்ட், பிளாக்கமின்ஸ்.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஆர்லியன்ஸில் பதிவுபெற்ற வாக்காளர்களில் பாதிக்கு மேல் கறுப்பர்கள். மற்ற மூன்று பாரிஷ்களிலும் முக்கால்வாசிக்கு மேல் வெள்ளையர்கள். நான்கையும் ஒன்றாகக் கட்டினால் கறுப்பர்கள் சிறுபான்மை. இரண்டு இடங்கள் இருந்தும் இரண்டையும் வெள்ளைப் பெரும்பான்மையே தீர்மானித்தது. தொகுதியை இரண்டாகப் பிரித்து, ஆர்லியன்ஸுக்கு ஒன்று, சுற்றுப்புறத்துக்கு ஒன்று என்று கொடுத்திருந்தால் கதை வேறாகியிருக்கும். மாநிலத்தின் மற்ற ஐந்து தொகுதிகளுக்கும் ஒரு இடம் ஒரு தொகுதி என்பதே விதி. இங்கே மட்டும் ஏன் இரண்டு இடத்துக்கு ஒரே தொகுதி? ரொனால்ட் சிசம் என்ற நியூ ஆர்லியன்ஸ் சமூகச் செயல்பாட்டாளரும் மற்றவர்களும் சேர்ந்து போட்ட வழக்கு கேட்டது இவ்வளவுதான். ஒரு கோட்டைப் போடு என்றார்கள்.

அந்தக் கோடு இல்லாமல் இருந்ததற்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. லூசியானாவில் 1896இல் சுமார் 1,30,000 கறுப்பர்கள் வாக்காளர் பட்டியலில் இருந்தார்கள். 1898இல் புதிய மாநில அரசியல் சட்டம் வந்தது. எழுத்தறிவு, சொத்து என்று வடிகட்டிகள் வைத்தது. வெள்ளையர்கள் அந்த வடிகட்டியில் சிக்கிக்கொள்ளாமல் இருக்க 'உன் அப்பனோ தாத்தனோ 1867க்கு முன்பே ஓட்டுப் போட்டிருந்தால் நீயும் போடலாம்' என்கிற தாத்தா விதியையும் சேர்த்துவைத்தது. 1904க்குள் பட்டியலில் இருந்த கறுப்பர்கள் சுமார் 1,340 பேர். ரயில் பெட்டியில் இனப் பிரிவினை செல்லும் என்று 1896இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்ன பிளெஸ்ஸி வழக்கும் நியூ ஆர்லியன்ஸில் கிளம்பியதுதான். அதற்கு முன்பே, 1892இல், அந்தப் பிரிவினைச் சட்டம் செல்லும் என்று லூசியானாவின் உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று. ஆக, எந்த நீதிமன்றத்தில் ஒரு இடம் வேண்டும் என்று 1986இல் கேட்டார்களோ, அந்த நீதிமன்றத்துக்கும் கேட்டவர்களுக்கும் இடையில் ஏற்கெனவே ஒரு பழைய கணக்கு இருந்தது. அதுவரை தேர்தலில் வென்று அந்த நீதிமன்றத்துக்குள் போன கறுப்பர் ஒருவர்கூட இல்லை.

3

1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம் இந்தப் பழைய கணக்கைத் தீர்க்க வந்தது. அதன் இரண்டாம் பிரிவு, இனத்தின் பேரால் வாக்குரிமையை மறுக்கிற எந்த நடைமுறையும் கூடாது என்றது. 1980இல் அலபாமாவின் மொபைல் நகரம் சம்பந்தப்பட்ட வழக்கில், பாகுபாடு காட்டும் நோக்கம் இருந்ததை நிரூபித்தால்தான் ஆகும் என்று உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். நோக்கத்தை எப்படி நிரூபிப்பது? கோடு கிழித்தவன் மனதுக்குள் யார் போய்ப் பார்ப்பது? 1982இல் அமெரிக்கக் காங்கிரஸ் சட்டத்தைத் திருத்தியது. நோக்கம் வேண்டாம், விளைவு போதும் என்றது. ஓர் இனத்தவருக்கு அரசியலில் பங்கேற்கவும் தாங்கள் விரும்பும் 'பிரதிநிதிகளை'த் தேர்ந்தெடுக்கவும் மற்றவர்களைவிடக் குறைந்த வாய்ப்புத்தான் இருக்கிறது என்றால் அது மீறல்.

இங்கேதான் சிக்கியது. நீதிபதி பிரதிநிதியா?

இல்லை என்பதற்கு முன்மாதிரி இருந்தது. அதுவும் லூசியானாவிலேயே இருந்தது. மாநில உச்ச நீதிமன்றத் தொகுதிகளின் மக்கள்தொகை ஏற்றத்தாழ்வாக இருக்கிறது, ஒருவருக்கு ஒரு வாக்கு என்ற சமத்துவம் இங்கேயும் வேண்டும் என்று 1970களின் தொடக்கத்தில் ஒரு வழக்கு நடந்தது. நீதிபதிகள் மக்களுக்குச் சேவை செய்கிறவர்கள், மக்களைப் பிரதிநிதித்துவம் செய்கிறவர்கள் அல்லர். ஆகவே அந்த விதி அவர்களுக்குப் பொருந்தாது என்று கீழ் நீதிமன்றம் சொன்னது. 1973இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விரிவான விவாதம் இல்லாமலே அதை உறுதி செய்தது. 1990இல் டெக்சாஸ் வழக்கு ஒன்றில் ஐந்தாம் சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம், நீதிபதிகள் பிரதிநிதிகள் அல்லர், எனவே 1982இன் திருத்தம் அவர்களைத் தொடாது என்று தீர்த்தது. சிசம் வழக்கும் அந்தத் தீர்ப்போடு சேர்ந்து விழுந்தது.

1991 ஜூன் 20 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் இதைத் திருப்பியது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் ஜான் பால் ஸ்டீவன்ஸ். மாறுபட்ட தீர்ப்பை எழுதியவர் அன்டனின் ஸ்காலியா. இலக்கியம் படித்தவர்கள் இந்த இரண்டையும் இரண்டு வாசிப்பு முறைகளின் மோதலாகவே படிக்கலாம்.

ஸ்காலியாவின் வாதத்தைக் கேலி செய்து ஒதுக்கிவிட முடியாது. அவர் 1950ஆம் ஆண்டின் வெப்ஸ்டர் அகராதியை எடுத்துவைக்கிறார். சாதாரணப் பேச்சில் 'பிரதிநிதிகள்' என்று சொன்னால் யாரும் நீதிபதியை நினைத்துக்கொள்வதில்லை என்கிறார். சட்டத்தின் சொல்லுக்குச் சாதாரணப் பொருள் என்னவோ அதை எடுத்துக்கொள்ள வேண்டும். காங்கிரஸ் உள்ளுக்குள் என்ன நினைத்தது என்று துழாவக் கூடாது. வாக்குரிமையையே மறுத்தால் நீதிபதித் தேர்தலிலும் இரண்டாம் பிரிவு பாயும் என்பதை அவரும் ஒப்புக்கொள்கிறார். வாக்கின் பலத்தைக் கோடு போட்டு நீர்த்துப்போகச் செய்வது பற்றிய பகுதிதான், 'பிரதிநிதிகள்' என்று வருவதால், பாயாது என்கிறார். நேர்மையான, உள்முரண் இல்லாத வாசிப்பு. பிரதியைத் தாண்டிப் போகாதே என்று சொல்கிற வாசிப்பு.

ஸ்டீவன்ஸ் அதே பிரதியை வேறு இடத்திலிருந்து படிக்கிறார். 1982இன் திருத்தத்துக்கு மூலமாக இருந்தது 1973ஆம் ஆண்டின் ஒரு தீர்ப்பு வாசகம். அதில் இருந்த சொல் 'சட்டமன்ற உறுப்பினர்கள்'. காங்கிரஸ் அதை எடுத்துக்கொண்டபோது அந்தச் சொல்லை நீக்கிவிட்டு 'பிரதிநிதிகள்' என்று போட்டது. குறுகிய சொல்லை எடுத்துவிட்டு அகன்ற சொல்லைப் போட்டவர்கள், நீதிபதிகளை வெளியே தள்ளத்தான் அப்படிச் செய்தார்கள் என்பது எப்படிப் பொருந்தும்? தேர்தலில் வென்று வருகிறவர் எவரோ அவரைக் குறிப்பதற்கே அந்தச் சொல் என்கிறார். இதையெல்லாம்விட முக்கியமாக இன்னொன்றைச் சொல்கிறார்: நீதிபதி பொதுஜன அபிப்பிராயத்துக்கு அப்பாற்பட்டவராக இருக்க வேண்டும் என்ற இலட்சியம் சரிதான். அவர்களைத் தேர்தலில் நின்று ஓட்டுக் கேட்க வைத்துவிட்டு, அதே நேரத்தில் மக்கள் விருப்பம் அவர்களைத் தீண்டவே இல்லை என்று பாவிக்க முடியாது. லூசியானா விரும்பினால் நியமன முறைக்குப் போகட்டும். தேர்தலை வைத்துக்கொள்கிற வரைக்கும் அது எல்லோருக்குமான தேர்தலாக இருக்க வேண்டும்.

இந்தத் தீர்ப்பில் ஸ்டீவன்ஸோடு நின்ற ஐந்து பேரில் தர்குட் மார்ஷலும் ஒருவர். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பு நீதிபதி. தீர்ப்பு வந்து சரியாக ஒரு வாரம் கழித்து அவர் ஓய்வை அறிவித்தார்.

ஸ்காலியாவின் அகராதி சொல்வதை அப்படியே ஏற்றுக்கொண்டாலும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. சாதாரணப் பேச்சு என்றால் யாருடைய பேச்சு? 1832இலிருந்து நூறு ஆண்டுகளுக்கு மேலாக நீதிபதிகளை 'மக்கள்' தேர்ந்தெடுத்து வந்தபோது, அவர் உங்கள் பிரதிநிதி அல்லர் என்று அகராதியைத் தூக்கிக் காட்டியவர்கள் யார்? தேர்தல் முறையைக் கேள்வி கேட்காதவர்கள், தேர்தலில் இதுவரை எண்ணப்படாதவர்கள் வந்து நின்ற உடனே நீதியின் தூய்மையைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறார்கள். பல ஆண்டுகளாகத் திறந்து கிடந்த கதவுக்கு, சிலரைக் கண்டதும் பூட்டு நினைவுக்கு வந்துவிடுகிறது. ஸ்காலியா தனிப்பட்ட முறையில் என்ன நினைத்தார் என்பது என் வாதம் அல்ல. அந்தச் சொல்லாடல் எந்த நேரத்தில் செயல்படத் தொடங்குகிறது என்பதுதான் வாதம்.

4

தமிழில் இந்தச் சிக்கல் இன்னும் வெளிப்படையாகத் தெரிகிறது. 'பிரதிநிதி' வடசொல் என்று நினைப்பவர்கள் 'சார்பாளர்' என்று எழுதுகிறார்கள். சார்பு என்ற சொல்லைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். 'ஊர் சார்பில் பேசினார்' என்றால் மரியாதை. 'சார்போடு பேசினார்' என்றால் வசை. ஒருவருக்காக நிற்பதும் ஒருபக்கமாகச் சாய்வதும் தமிழில் ஒரே வேரிலிருந்து வருகின்றன. இதற்கு எதிரில் 'நடுவர்', 'நடுநிலை' என்ற சொற்கள். வள்ளுவர் நடுவு நிலைமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கித் துலாக்கோலை உவமை சொன்னார். தராசு சாயாமல் இருக்க வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் முள்ளை நேராக வைத்திருப்பவர் அதைப் பார்க்கிற இடம் என்று ஒன்று இருக்கிறது. ஒரே பக்கத்திலிருந்தே எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தால், சாய்ந்திருக்கிற முள் நேராகத்தான் தெரியும். ஏழு பேரும் ஒரே பக்கத்திலிருந்து வந்தவர்களாக இருந்த காலத்தில் லூசியானா உச்ச நீதிமன்றத்தை யாரும் 'சார்புடைய நீதிமன்றம்' என்று சொல்லவில்லை. எட்டாவதாக ஒருவர் வேறு பக்கத்திலிருந்து வந்தபோதுதான் சார்பு பற்றிய பேச்சே எழுந்தது.

காயத்ரி ஸ்பிவாக்கின் 1988ஆம் ஆண்டுக் கட்டுரை நம்மிடையே நிறையப் பேசப்பட்டது. மார்க்ஸின் ஜெர்மன் சொற்களை வைத்து அவர் இரண்டு பிரதிநிதித்துவங்களைப் பிரித்துக் காட்டினார். ஒன்று, சட்டமன்றத்தில் ஒருவருக்குப் பதிலாக இன்னொருவர் போய் நிற்பது. மற்றது, ஓவியத்திலோ எழுத்திலோ ஒன்றைத் திரும்பக் காட்டுவது, புலப்படுத்துவது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பினால், புலப்படுத்துகிற அறிவுஜீவி தன்னையே பதிலாளாக நியமித்துக்கொண்டுவிடுவான் என்பது அவர் எச்சரிக்கை. சரியான எச்சரிக்கை. நாம் அதிலிருந்து எடுத்துக்கொண்டது என்ன? பாதிப்பேர் 'அப்படியானால் யாரும் யாருக்காகவும் நிற்க முடியாது' என்ற முடிவை எடுத்துக்கொண்டோம். அந்த முடிவுக்கும் ஸ்காலியாவின் அகராதிக்கும் தூரம் அதிகமில்லை. இரண்டும் நியூ ஆர்லியன்ஸ் வாக்காளரிடம் ஒன்றையேதான் சொல்கின்றன: உனக்கு அங்கே ஓர் இடம் கேட்பது கோட்பாட்டுப் பிழை.

தெருவில் இதற்கு வேறு ஒரு சொல் இருக்கிறது. 'நம்ம ஆளு ஒருத்தர் உள்ள இருக்கணும்.' இதில் வரும் 'ஆள்' சட்டமன்றத்துப் பதிலாளும் அல்ல, ஓவியத்துப் புலப்படுத்தலும் அல்ல. நான் சொல்கிறபடி தீர்ப்பு எழுதுவார் என்ற எதிர்பார்ப்பும் அதில் இருக்க வேண்டியதில்லை. நான் பார்த்ததைத் தானும் பார்த்திருக்கிற ஒருவர் என்பதுதான் அதன் குறைந்தபட்சப் பொருள். அந்த ஆள் உள்ளே போனால் என்ன நடக்கும், என்ன நடக்காது என்பதை லூசியானாவின் அடுத்த முப்பது ஆண்டுகளில் பார்க்கலாம்.

5

1992இல் இரு தரப்பும் ஓர் இசைவுக்கு வந்தன. நீதிமன்றம் அதை ஆணையாக்கியது. உடனே முதல் தொகுதியைப் பிளக்கவில்லை. அப்போது பதவியில் இருந்தவர்களின் நாற்காலியை யாரும் தொட விரும்பவில்லை. பதிலாக ஒரு வினோதமான ஏற்பாடு. நான்காம் சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் புதிதாக ஓர் இடம் உருவாக்கப்பட்டது. ஆர்லியன்ஸ் பாரிஷ் மட்டும் அதற்கு ஓட்டுப் போடும். அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டவர் உடனே மாநில உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்டு அங்கே முழு அதிகாரத்தோடு உட்காருவார். பேப்பரில் ஒரு நீதிமன்றம், நடைமுறையில் வேறொரு நீதிமன்றம். ஏழு பேர் நீதிமன்றம் தற்காலிகமாக எட்டுப் பேர் நீதிமன்றம் ஆயிற்று. அந்த இடத்துக்கு முதலில் வந்தவர் ரீவியஸ் ஓர்டீக், குடியுரிமைப் போராட்டக் கால வழக்கறிஞர். 1994இல் வயது காரணமாக அவர் ஓய்வு பெற்றபோது பெர்னெட் ஜோஷுவா ஜான்சன் வென்றார். லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் சட்டக் கல்லூரியில் படித்த முதல் கறுப்புப் பெண்களில் ஒருவர். 1997இல் ஏழு தனித் தொகுதிகளோடு புதிய வரைபடம் சட்டமாயிற்று. 2000இல் ஜான்சன் ஏழாம் தொகுதியிலிருந்து நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

பேப்பரில் ஒன்று, நடைமுறையில் ஒன்று என்ற அந்த ஏற்பாடு இருபது ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்தது. 2012இல் தலைமை நீதிபதி கேத்தரின் கிம்பல் ஓய்வை அறிவித்தார். லூசியானாவின் அரசியல் சட்டப்படி உச்ச நீதிமன்றத்தில் அதிக காலம் பணியாற்றியவர் தலைமை நீதிபதி ஆவார். ஜான்சன் 1994 முதல் அங்கே உட்கார்ந்திருக்கிறார். ஜெஃப்ரி விக்டரி என்ற நீதிபதி 1995 தொடக்கத்தில் வந்தவர். ஆனால் ஜான்சனின் முதல் ஆறு ஆண்டுகள் 'உண்மையில்' நான்காம் சுற்று நீதிமன்றத்தின் இடம் அல்லவா, அதை எப்படி உச்ச நீதிமன்றப் பணியாகக் கணக்கிடுவது என்ற கேள்வி கிளப்பப்பட்டது. ஆறு ஆண்டுகள் அவர் எழுதிய தீர்ப்புகள் செல்லும். அவர் அங்கே இருந்தது மட்டும் செல்லாது. ஜான்சன் மைய அரசின் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது. 2012 செப்டம்பரில் மாவட்ட நீதிபதி சூசி மோர்கன் அந்த ஆண்டுகளும் கணக்கில் சேரும் என்றார். அக்டோபரில் மாநில உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. 2013இல் ஜான்சன் லூசியானாவின் முதல் கறுப்புத் தலைமை நீதிபதி ஆனார்.

சலுகையாகக் கொடுக்கப்பட்ட இடம் எப்போதும் கேள்விக்குள்ளாக்கத்தக்க இடமாகவே வைக்கப்படுகிறது. உள்ளே வந்தவர்களிடம் 'நீ வந்த வழி வேறு' என்று எப்போது வேண்டுமானாலும் நினைவுபடுத்தலாம். இதை விளக்கிச் சொல்ல வேண்டிய தேவை நம் வாசகர்களுக்கு இல்லை.

அந்த இடத்தால் என்ன பயன் என்பதற்கு 2020இலிருந்து ஓர் உதாரணம். 1997இல் ஒரு கறுப்பர் ஒரு வீட்டின் சேமிப்பறையிலிருந்து செடி வெட்டும் கத்தரிக்கோலைத் திருட முயன்றதற்காகக் குற்றவாளியானார். முந்தைய குற்றங்கள் இருந்ததால் பழக்கக் குற்றவாளிச் சட்டப்படி ஆயுள் தண்டனை. இருபது ஆண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்த பிறகு அவருடைய மனு மாநில உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. ஐந்து நீதிபதிகள் அதை எடுத்துக்கொள்ள மறுத்தார்கள். ஐவரும் வெள்ளை ஆண்கள். ஜான்சன் ஒருவர் மட்டும் மாறுபட்டு எழுதினார். அவர் வெறும் தண்டனை அளவைப் பற்றி மட்டும் எழுதவில்லை. அடிமை முறை ஒழிந்தபின் தெற்கு மாநிலங்களில் வந்த 'பன்றிச் சட்டங்களை' நினைவுபடுத்தினார். ஏழைக் கறுப்பர்கள் செய்யக்கூடிய சின்னத் திருட்டுகளுக்குப் பெரிய தண்டனை வைத்து, அவர்களைத் திரும்பவும் கட்டாய உழைப்புக்குள் தள்ளிய சட்டங்கள். இன்றைய இந்தத் தண்டனை அந்தச் சட்டங்களின் தொடர்ச்சி என்றார்.

ஸ்பிவாக் பிரித்துக் காட்டியவற்றில் இது எது? ஜான்சன் அந்த மனிதருக்கு ஓட்டுப் போட்ட தொகுதியின் பதிலாளாகப் பேசவில்லை. ஒரு வரலாற்றை நீதிமன்றத்தின் ஆவணத்துக்குள் புலப்படுத்தினார். ஆனால் புலப்படுத்துவதற்கு முதலில் அங்கே உட்கார ஓர் இடம் வேண்டியிருந்தது. அந்த இடத்தை ஒரு தொகுதிக் கோடு கொடுத்தது. இரண்டு பிரதிநிதித்துவங்களும் வேறு வேறு என்பது உண்மை. முதலாவது இல்லாமல் இரண்டாவது அந்தக் கட்டடத்துக்குள் நுழைந்திருக்காது என்பதும் உண்மை.

இதன் வரம்பையும் சொல்லிவிட வேண்டும். ஐந்துக்கு ஒன்று. ஜான்சனின் தீர்ப்பு அந்த மனிதரை வெளியே விடவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் பரோல் குழுதான் விட்டது. ஒரு தொகுதியை ஒதுக்கிக் கொடுப்பதன் மூலம் மற்ற ஆறு தொகுதிகளின் நீதிபதிகள் கறுப்பு வாக்காளரைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய அவசியம் குறைந்துபோகிறது என்ற விமர்சனம் உண்டு. அதில் நியாயம் இருக்கிறது. மாநில மக்கள்தொகையில் கறுப்பர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. ஏழில் ஓர் இடம் அந்தப் பங்கல்ல. இரண்டாவதாக ஒரு கறுப்புப் பெரும்பான்மைத் தொகுதிக்கு 2024 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பழைய இசைவு ஆணையைக் கலைத்துவிடும்படி 2021இல் நீதிமன்றத்திடம் கேட்ட மாநிலத் தலைமை வழக்கறிஞர் ஜெஃப் லாண்ட்ரி, 2024இல் ஆளுநராக இருந்தபோதுதான் இந்தப் புதிய வரைபடம் சட்டமாயிற்று என்பது அரசியலின் வேடிக்கை. ஜான் மைக்கேல் கிட்ரி அந்தத் தொகுதியிலிருந்து போட்டியில்லாமல் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஏழாம் தொகுதியில் ஜான்சனுக்குப் பின் 2020 தேர்தலில் வென்றிருந்தவர் பைப்பர் கிரிஃபின். ஏழு பேரில் இரண்டு கறுப்பர்கள் என்ற நிலை வர, வழக்குப் போட்ட நாளிலிருந்து கிட்டத்தட்ட நாற்பது ஆண்டுகள்.

6

அப்படியானால் தொகுதி முறைதான் நல்லது, மாநிலம் முழுவதும் ஒரே தேர்தல் என்பது கெட்டது என்று சூத்திரம் போட்டுவிடலாமா? கூடாது என்பதற்கு பென்சில்வேனியா சாட்சி.

அங்கே மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் மூன்று. உச்ச நீதிமன்றத்தில் ஏழு, சுப்பீரியர் நீதிமன்றத்தில் பதினைந்து, காமன்வெல்த் நீதிமன்றத்தில் ஒன்பது. மொத்தம் முப்பத்தொரு இடங்கள். எல்லாமே மாநிலம் தழுவிய தேர்தலில் நிரப்பப்படுபவை. 2015 தேர்தலில் உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மை டெமாக்ரட்டுகளிடம் போனது. 2018இல் அந்த நீதிமன்றம், ரிபப்ளிகன்களின் கையிலிருந்த சட்டமன்றம் 2011இல் வரைந்த காங்கிரஸ் தொகுதி வரைபடத்தைக் கட்சி நலனுக்காக வளைக்கப்பட்டது என்று சொல்லி ரத்து செய்தது. அதற்குப் பிறகு, மேல்முறையீட்டு நீதிபதிகளை இனிமேல் தொகுதிவாரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற அரசியல் சட்டத் திருத்தம் சட்டமன்றத்தில் வேகம் எடுத்தது. தொகுதிகளை வரையப் போவது சட்டமன்றமே. 2020இல் ஒருமுறை நிறைவேறியது. அடுத்த சட்டமன்றத்திலும் நிறைவேறினால்தான் பொது வாக்கெடுப்புக்குப் போக முடியும். 2021இல் குழுவைத் தாண்டி வந்தும் அது கரை சேரவில்லை.

ஆதரித்தவர்கள் சொன்ன காரணம் என்ன? 'பிரதிநிதித்துவம்'தான். பிலடெல்ஃபியா, பிட்ஸ்பர்க் பகுதிகளிலிருந்தே பெரும்பாலான நீதிபதிகள் வருகிறார்கள், கிராமப்புறத்துக்குக் குரல் இல்லை என்றார்கள். அந்தக் குறை கற்பனை அல்ல. ஆனால் அன்று வரை முப்பத்தொரு இடங்களுக்கும் ஓட்டுப் போட்டுக்கொண்டிருந்த ஒரு வாக்காளர், இந்தத் திருத்தப்படி மூன்றே மூன்று இடங்களுக்குத்தான் ஓட்டுப் போட முடியும். மற்ற இருபத்தெட்டுப் பேரும் அவர் மீது அதிகாரம் செலுத்துவார்கள், அவரிடம் ஓட்டுக் கேட்க மாட்டார்கள். வரைபடத்தை வளைத்ததற்காக நீதிமன்றத்திடம் குட்டு வாங்கிய கையே, இனிமேல் அந்த நீதிமன்றத்தின் வரைபடத்தையும் வரையும்.

லூசியானாவில் கேட்டதும் தொகுதி, பென்சில்வேனியாவில் கேட்டதும் தொகுதி. சொல்லும் ஒன்றே. இரண்டையும் பிரித்தறிய, கோட்பாட்டின் உயரத்திலிருந்து பார்த்தால் முடியாது. இரண்டு எளிய கேள்விகள் கேட்க வேண்டும். கோட்டைப் போடுகிற பேனா யார் கையில் இருக்கிறது? இந்தக் கோரிக்கை எதற்குப் பிறகு வந்தது, நூறு ஆண்டுகள் எண்ணப்படாமல் இருந்ததற்குப் பிறகா, ஒரு வழக்கில் தோற்றதற்குப் பிறகா?

7

நம் நாட்டில் நீதிபதிகளுக்குத் தேர்தல் இல்லை. அதனால் லூசியானாவை அப்படியே இங்கே இறக்கிவைத்து ஒப்பிட்டுப் பேசுவது சரியாக இருக்காது. இங்கே கேள்வியின் வடிவமே வேறு. எனக்கு அக்கறை நாம் சொற்களைக் கையாளும் விதத்தில்தான். கட்டுடைக்கிறேன் என்று கிளம்பி, கடைசியில் 'பிரதிநிதித்துவம் சாத்தியமே இல்லை' என்று போய் நிற்கிறவர்கள், அந்த வாசகத்தை யாருடைய முகத்துக்கு எதிரே சொல்கிறோம் என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்வது நல்லது. ஓர் இடம் கிடைத்துவிட்டால் எல்லாம் கிடைத்துவிட்டது என்று மாலை போட்டுக் கொண்டாடுகிறவர்களுக்கும் அந்த ஐந்துக்கு ஒன்று கணக்கைக் காட்ட வேண்டியிருக்கிறது.

ஜான்சன் 2020 முடிவில் ஓய்வு பெற்றார். கத்தரிக்கோல் வழக்கில் அவர் எழுதிய மாறுபட்ட தீர்ப்பு மாநிலத்துக்கு வெளியேயும் பரவலாகப் படிக்கப்பட்டது. மறுத்த ஐவர் காரணம் எழுதவில்லை. நாளைக்கு யாராவது அந்த வழக்கின் கட்டை எடுத்துப் பிரித்தால், படிப்பதற்கு அதில் இருக்கப் போவது ஜான்சன் எழுதியது மட்டும்தான்.